சகப்பிணைப்பு: எலக்ட்ரான்களை எண்ணி மூலக்கூறை வரைவதற்கு ஒரு வழிகாட்டி

வேதியியலைப் புதிதாகப் படிக்கத் தொடங்கியவரிடம் சகப்பிணைப்பு என்றால் என்ன என்று கேட்டால், 'எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொள்வதால் உண்டாகும் பிணைப்பு' என்ற விடை உடனே வந்துவிடும். அதே மாணவரிடம் கார்பன் டை ஆக்சைடின் அமைப்பை வரையச் சொல்லி, அது ஏன் நேர்கோட்டில் இருக்கிறது, நீரின் மூலக்கூறு மட்டும் ஏன் வளைந்திருக்கிறது என்று கேட்டால் தயக்கம் தொடங்குகிறது. வரையறை மனப்பாடமாகிவிட்டது, அதை வைத்து என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. ஒரு சேர்மத்தின் வாய்பாட்டைப் பார்த்து, அதிலுள்ள பிணைப்புகளை எண்ணி, மூலக்கூறை வரைந்து, அதன் வடிவத்தையும் பண்புகளையும் ஓரளவு சொல்லும் முறையை இக்கட்டுரை படிப்படியாக விளக்குகிறது. பென்சில், காகிதம், தனிம வரிசை அட்டவணை ஆகிய மூன்றும் கையில் இருந்தால் போதும். அணுக்கரு, எலக்ட்ரான், கூடு ஆகிய சொற்கள் ஏற்கெனவே அறிமுகமாகியிருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

பிணைப்பு ஏன் உண்டாகிறது

வரையத் தொடங்கும் முன், வரையப்போவது எதை என்று தெரிந்திருக்க வேண்டும். இரண்டு ஹைட்ரஜன் அணுக்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் ஒரு புரோட்டானும் ஓர் எலக்ட்ரானும் உள்ளன. அணுக்கள் வெகு தொலைவில் இருக்கும்வரை ஒன்றின் இருப்பு மற்றொன்றைப் பாதிப்பதில்லை. அவை நெருங்கி வரும்போது, ஓர் அணுவின் எலக்ட்ரானை மற்ற அணுவின் கருவும் ஈர்க்கத் தொடங்குகிறது. அதே வேளையில் இரு கருக்களும் ஒன்றையொன்று விலக்குகின்றன, இரு எலக்ட்ரான்களும் ஒன்றையொன்று விலக்குகின்றன. குறிப்பிட்ட தொலைவுவரை ஈர்ப்பே மேலோங்குவதால் அமைப்பின் ஆற்றல் குறைந்துகொண்டே வருகிறது. இரு கருக்களுக்கும் இடைப்பட்ட பகுதியில் எலக்ட்ரான் அடர்த்தி கூடி, அந்த எதிர்மின் திரளை இரு புறத்திலிருந்தும் கருக்கள் இழுத்துப் பிடித்திருக்கும் நிலையைத்தான் சகப்பிணைப்பு என்கிறோம். கருக்களுக்கு இடையேயான தொலைவு 74 பிகோமீட்டராக (ஒரு பிகோமீட்டர் என்பது மீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) இருக்கும்போது ஆற்றல் மிகக் குறைவாக இருக்கிறது. அதைவிட நெருங்கினால் கருக்களின் விலக்கம் மிஞ்சி, ஆற்றல் செங்குத்தாக ஏறிவிடும். இந்தத் தொலைவே ஹைட்ரஜன் மூலக்கூறின் பிணைப்பு நீளம். அந்த நிலையிலிருந்து இரு அணுக்களையும் பிரித்தெடுக்க ஒரு மோலுக்கு, அதாவது சுமார் 2 கிராம் ஹைட்ரஜன் வாயுவுக்கு, 436 கிலோஜூல் ஆற்றல் செலவிட வேண்டும். இதுவே பிணைப்பு ஆற்றல்.

அணுக்கள் எட்டு எலக்ட்ரான்களை அடைய 'விரும்புகின்றன' என்று எழுதும் வழக்கம் பரவலாக இருக்கிறது. நினைவில் வைத்துக்கொள்ள அது உதவலாம். காரணமாகச் சொன்னால் தவறு. அணுவுக்கு விருப்பம் இல்லை, மின் ஈர்ப்பும் ஆற்றல் குறைவும்தான் இருக்கின்றன. எட்டு என்ற எண் எங்கிருந்து வருகிறது என்றால், கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன், ஃபுளூரின் ஆகியவை உள்ள இரண்டாம் வரிசைத் தனிமங்களின் வெளிக்கூட்டில் நான்கு ஆர்பிட்டால்களே, அதாவது எலக்ட்ரான்கள் தங்கும் நான்கு இடங்களே, இருக்கின்றன. ஓர் ஆர்பிட்டாலில் இரண்டு எலக்ட்ரான்களுக்கு மேல் இடமில்லை. ஆகவே நான்கு இணைகள், எட்டு எலக்ட்ரான்கள். ஹைட்ரஜனுக்கு ஒரே ஆர்பிட்டால் என்பதால் அதற்கு இரண்டு போதும். வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான்கள் என்னும் எண்ம விதி இந்த இட வரம்பின் விளைவு. அந்த வரம்பு மாறும் இடங்களில் விதியும் மாறுகிறது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

எலக்ட்ரான் இணைதான் பிணைப்பின் அடிப்படை என்ற கருத்தையும், எலக்ட்ரான்களைப் புள்ளிகளாகக் குறிக்கும் முறையையும் அமெரிக்க வேதியியலர் கில்பர்ட் நியூட்டன் லூயிஸ் 1916-இல் வெளியிட்டார். சில ஆண்டுகளில், 1919-இல், இர்விங் லாங்மியூர் இந்தப் பிணைப்புக்கு இப்போது ஆங்கிலத்தில் வழங்கும் பெயரைச் சூட்டினார். இரண்டு எலக்ட்ரான்கள் சேர்ந்தால் ஏன் பிணைப்பு உண்டாக வேண்டும் என்ற கேள்விக்குக் குவாண்டம் இயக்கவியலின் வழியே முதன்முதலில் விடை தந்தவர்கள் வால்டர் ஹைட்லர், ஃபிரிட்ஸ் லண்டன் என்ற இரு இயற்பியலர்கள். அது 1927-இல் நடந்தது. லூயிஸின் புள்ளிகள் அதற்குப் பதினோரு ஆண்டுகள் முந்தியவை. கோட்பாடு வருவதற்கு முன்பே சரியான கணக்கை எழுதிவிட்ட அவருக்கு நோபல் பரிசு கடைசிவரை கிடைக்கவில்லை.

சகப்பிணைப்பை எங்கே எதிர்பார்க்கலாம்

அலோகம் அலோகத்துடன் சேர்ந்தால் சகப்பிணைப்பு, உலோகம் அலோகத்துடன் சேர்ந்தால் அயனிப் பிணைப்பு (எலக்ட்ரான் கைமாறி மின்சுமை பெற்ற அணுக்கள், அதாவது அயனிகள், ஒன்றையொன்று ஈர்ப்பது) என்பது முதல் மதிப்பீடு. பெரும்பாலான பள்ளிக் கணக்குகளுக்கு இது போதும். இன்னும் நுணுக்கமாகப் பார்க்க எலக்ட்ரான் கவர்தன்மை மதிப்புகளைப் பயன்படுத்த வேண்டும்; பிணைப்பிலுள்ள எலக்ட்ரான்களை ஓர் அணு தன் பக்கம் இழுக்கும் திறனே எலக்ட்ரான் கவர்தன்மை. அமெரிக்க வேதியியலர் லைனஸ் பாலிங் அமைத்த அளவுகோலில் ஹைட்ரஜன் 2.20, கார்பன் 2.55, நைட்ரஜன் 3.04, குளோரின் 3.16, ஆக்சிஜன் 3.44, ஃபுளூரின் 3.98, சோடியம் 0.93. இரு அணுக்களின் மதிப்புகளுக்கு இடையேயான வேறுபாடு சிறிதாக இருந்தால் எலக்ட்ரான் இணை இருவருக்கும் ஏறக்குறையச் சமமாக இருக்கும். வேறுபாடு கூடக்கூட இணை ஒரு பக்கம் சாயும். மிகவும் கூடினால் எலக்ட்ரான் முழுவதுமாகவே கைமாறிவிட்டதாகக் கொள்ளலாம். சோடியம் குளோரைடில் இந்த வேறுபாடு 2.23.

இரு வகைகளையும் பிரிக்கப் பாடநூல்கள் 1.7 என்ற எல்லையைக் குறிப்பிடும். அதைச் சுவர்போல் எண்ணிக்கொள்ள வேண்டாம். ஹைட்ரஜன் ஃபுளூரைடில் வேறுபாடு 1.78, ஆனாலும் அது தனித்தனி மூலக்கூறுகளால் ஆனது, 20 டிகிரி செல்சியஸுக்குச் சற்றுக் கீழேயே கொதித்துவிடுகிறது. மறுபுறம், அலுமினியம் உலோகம்தான் என்றாலும் நீரற்ற அலுமினியம் குளோரைடு 180 டிகிரி அளவில் பதங்கமாகிறது, அதாவது உருகாமலேயே ஆவியாகிறது. சாதாரண உப்பு உருகவே 801 டிகிரி தேவைப்படுகிறது. முழு அயனித் தன்மைக்கும் முழுச் சகப்பிணைப்புத் தன்மைக்கும் இடையே தொடர்ச்சியான ஒரு வரிசை இருக்கிறது. பெயர்கள் அதன் இரு முனைகளுக்கும் இட்டவை.

முதற்படி: வெளிக்கூட்டு எலக்ட்ரான்களை எண்ணுதல்

பிணைப்பில் பங்கேற்பவை வெளிக்கூட்டு எலக்ட்ரான்களே; இவற்றை இணைதிறன் எலக்ட்ரான்கள் என்கிறோம். தனிம வரிசை அட்டவணையின் தொகுதி எண் இதை நேரடியாகச் சொல்லிவிடும். 14-ஆம் தொகுதியிலுள்ள கார்பனுக்கு 4, 15-ஆம் தொகுதியிலுள்ள நைட்ரஜனுக்கு 5, 16-ஆம் தொகுதியிலுள்ள ஆக்சிஜனுக்கு 6, 17-ஆம் தொகுதியிலுள்ள குளோரினுக்கு 7. இரண்டிலக்கத் தொகுதி எண்ணின் கடைசி இலக்கமே விடை. ஹைட்ரஜனுக்கு 1.

மூலக்கூறிலுள்ள எல்லா அணுக்களின் இணைதிறன் எலக்ட்ரான்களையும் கூட்டி ஒரே தொகையாக எழுத வேண்டும். நீரில் இரண்டு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன்; ஆகவே 1 + 1 + 6 = 8. அமைப்பு எதிர்மின் அயனியாக இருந்தால் ஒவ்வோர் எதிர்மின் சுமைக்கும் ஒன்றைக் கூட்ட வேண்டும். நேர்மின் அயனியாக இருந்தால் ஒவ்வொரு நேர்மின் சுமைக்கும் ஒன்றைக் கழிக்க வேண்டும். இந்தத் தொகைதான் நமது இருப்பு. முடிவில் வரைந்திருக்கும் புள்ளிகளின் எண்ணிக்கை இதிலிருந்து ஒன்றுகூடக் கூடவோ குறையவோ கூடாது. விடைத்தாள்களில் காணப்படும் பிழைகளில் பெரும்பகுதி, இந்தத் தொகையை எழுதாமலேயே புள்ளி வைக்கத் தொடங்குவதால் வருவது.

எந்த எலக்ட்ரான் எந்த அணுவிலிருந்து வந்தது என்று காட்ட ஒன்றுக்குப் புள்ளியும் மற்றொன்றுக்குப் பெருக்கல் குறியும் இடும் பழக்கம் வகுப்பறைகளில் உண்டு. தொடக்கத்தில் சரிபார்க்க அது பயன்படும். ஆனால் மூலக்கூறுக்குள் வந்துவிட்ட எலக்ட்ரானுக்குப் பிறந்த வீடு என்று ஒன்று கிடையாது. எல்லாம் ஒரே மாதிரியானவை. சீக்கிரமே எல்லாவற்றையும் புள்ளியாக இடப் பழகிவிடுவது நல்லது.

இரண்டாம் படி: எத்தனை பிணைப்புகள் என்று முன்கூட்டியே கணித்தல்

இந்தப் படி பல வகுப்புகளில் சொல்லித் தரப்படுவதில்லை. ஆனால் இதைப்போல் நேரத்தை மிச்சப்படுத்தும் உத்தி வேறில்லை. ஒவ்வோர் அணுவும் தனித்தனியாக முழு வெளிக்கூட்டைப் பெற எத்தனை எலக்ட்ரான்கள் தேவை என்று கூட்ட வேண்டும்: ஹைட்ரஜனுக்கு 2, மற்றவற்றுக்கு 8. இந்தத் தேவையிலிருந்து கையில் உள்ள இருப்பைக் கழித்து இரண்டால் வகுத்தால் பிணைப்புகளின் எண்ணிக்கை கிடைக்கும். பங்கிடப்படும் ஒவ்வோர் எலக்ட்ரானும் இரு அணுக்களின் கணக்கிலும் ஒருமுறை எழுதப்படுவதால், பற்றாக்குறை எவ்வளவோ அவ்வளவு எலக்ட்ரான்கள் பங்கிடப்பட்டாக வேண்டும் என்பதே இதன் தர்க்கம்.

நீருக்குத் தேவை 2 + 2 + 8 = 12; இருப்பு 8; பற்றாக்குறை 4; ஆகவே இரண்டு பிணைப்புகள். நைட்ரஜன் மூலக்கூறுக்குத் தேவை 16, இருப்பு 10, பற்றாக்குறை 6. ஆகவே இரு அணுக்களுக்கு இடையே மூன்று பிணைப்புகள், அதாவது ஒரு முப்பிணைப்பு. கார்பன் டை ஆக்சைடுக்குத் தேவை 24, இருப்பு 4 + 6 + 6 = 16, பற்றாக்குறை 8; ஆகவே நான்கு பிணைப்புகள். மூன்றே அணுக்களுக்கு இடையே நான்கு பிணைப்புகள் என்றவுடனேயே, ஒற்றைப் பிணைப்புகளால் மட்டும் இது முடியாது என்பது வரைவதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது.

மூன்றாம் படி: சட்டகத்தை அமைத்துப் புள்ளிகளை நிரப்புதல்

மைய அணுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரும்பாலும் எலக்ட்ரான் கவர்தன்மை குறைந்த அணுவே மையத்தில் அமரும். ஹைட்ரஜன் மட்டும் விதிவிலக்கு, ஒரு பிணைப்புக்கு மேல் அதனால் தாங்க முடியாது என்பதால் அது எப்போதும் ஓரத்திலேயே இருக்கும். மைய அணுவைச் சுற்றி மற்ற அணுக்களை எழுதி, ஒவ்வொன்றையும் மையத்துடன் ஒரு கோட்டால் இணைக்க வேண்டும். ஒரு கோடு இரண்டு எலக்ட்ரான்களைக் குறிக்கும். பிறகு எஞ்சியிருக்கும் எலக்ட்ரான்களை ஓரத்து அணுக்களுக்கு முதலில் நிரப்பி, மீதி இருந்தால் மைய அணுவில் வைக்க வேண்டும். அப்படியும் மைய அணுவுக்கு எட்டு கிடைக்கவில்லை என்றால், ஓரத்து அணுவில் பிணைப்பில் சேராமல் இருக்கும் ஓர் இணையை இழுத்து இரண்டாவது கோடாக மாற்ற வேண்டும். பிணைப்பில் சேர்ந்த இரண்டு எலக்ட்ரான்களைப் பிணைப்பு இணை என்றும், சேராமல் ஒரே அணுவிடம் இருப்பவற்றைத் தனித்த இணை என்றும் இங்கே அழைக்கிறேன். பாடநூலில் இவை 'இரட்டை' என்று குறிக்கப்பட்டிருக்கலாம், ஆனால் அது இரட்டைப் பிணைப்புடன் குழம்புவதற்கு இடம் தருகிறது.

கார்பன் டை ஆக்சைடை முழுமையாகச் செய்து பார்ப்போம். நடுவில் கார்பன், இருபுறமும் ஆக்சிஜன். இரண்டு கோடுகள் இட்டால் 4 எலக்ட்ரான்கள் செலவாகி 12 மீதமிருக்கும். ஒவ்வோர் ஆக்சிஜனுக்கும் மூன்று தனித்த இணைகள், அதாவது 6 எலக்ட்ரான்கள், கொடுத்தால் 12-உம் தீர்ந்துவிடும். இப்போது ஆக்சிஜன் ஒவ்வொன்றிலும் எட்டு இருக்கிறது. கார்பனிலோ நான்கு மட்டுமே. இடப்பக்க ஆக்சிஜனிலிருந்து ஓர் இணையையும் வலப்பக்க ஆக்சிஜனிலிருந்து ஓர் இணையையும் பிணைப்பாக மாற்றினால், கார்பனின் இருபுறமும் இரட்டைப் பிணைப்பு உண்டாகி எட்டு நிறைவடையும். ஆக்சிஜன்களில் தலா இரண்டு தனித்த இணைகள் எஞ்சும். கோடுகள் நான்கு, தனித்த இணைகள் நான்கு, மொத்தம் எட்டு இணைகள், பதினாறு எலக்ட்ரான்கள். இருப்புடன் கணக்கு ஒத்துப்போகிறது.

ஒரே ஆக்சிஜனிலிருந்து இரண்டு இணைகளை இழுத்து, ஒரு பக்கம் முப்பிணைப்பும் மறுபக்கம் ஒற்றைப் பிணைப்பும் ஏன் வைக்கக் கூடாது என்று யோசிப்பவர் சரியான திசையில் யோசிக்கிறார். எட்டுக்கு எட்டு அங்கும் சரியாகவே வரும். இரண்டில் எது ஏற்கத்தக்கது என்று முடிவு செய்ய முறைசார் மின்சுமை என்ற கணக்கு உதவுகிறது. அணுவின் இணைதிறன் எலக்ட்ரான்களிலிருந்து, அதன் தனித்த எலக்ட்ரான்கள் முழுவதையும், பிணைப்பு எலக்ட்ரான்களில் பாதியையும் கழிக்க வேண்டும். இருபுறமும் இரட்டைப் பிணைப்பு உள்ள அமைப்பில் ஆக்சிஜனுக்கு 6 − 4 − 2 = 0, கார்பனுக்கு 4 − 0 − 4 = 0. முப்பிணைப்பு உள்ள அமைப்பில் அந்த ஆக்சிஜனுக்கு 6 − 2 − 3 = +1, மற்ற ஆக்சிஜனுக்கு 6 − 6 − 1 = −1. சுமைகள் பூச்சியத்துக்கு அருகில் இருக்கும் அமைப்பே பெரும்பாலும் உண்மைக்கு நெருக்கமானது. ஆகவே முதலாவதை வைத்துக்கொள்கிறோம்.

சில மூலக்கூறுகளில் இந்தக் கணக்கும் கைகொடுக்காது. ஓசோனில் மூன்று ஆக்சிஜன் அணுக்கள். ஒரு பக்கம் இரட்டைப் பிணைப்பு, மறுபக்கம் ஒற்றைப் பிணைப்பு என்று வரைய நேரிடும். இரட்டை இடப்பக்கமா வலப்பக்கமா என்பதற்கு விடையே இல்லை. அளந்து பார்த்தால் இரண்டு பிணைப்புகளும் ஒரே நீளம், சுமார் 128 பிகோமீட்டர். ஆக்சிஜன் மூலக்கூறின் இரட்டைப் பிணைப்புக்குரிய 121-க்கும், ஹைட்ரஜன் பெராக்சைடில் உள்ள ஒற்றைப் பிணைப்புக்குரிய சுமார் 148-க்கும் நடுவே அது நிற்கிறது. மூலக்கூறு இரு அமைப்புகளுக்கு இடையே ஊசலாடுவதில்லை. அதற்கு ஒரே அமைப்புதான் இருக்கிறது, நமது கோடுகளால் அதை ஒரே படத்தில் வரைய முடியவில்லை. இதைத்தான் உடனிசைவு என்கிறோம்.

இரண்டு எலக்ட்ரான்களும் ஒரே அணுவிலிருந்து வந்தால்

அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தோய்த்த கண்ணாடிக் கோலை அம்மோனியா குப்பியின் வாயருகே கொண்டுவந்தால் அடர்ந்த வெண்புகை எழும். பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியரின் மேற்பார்வையில், புகைப்போக்கி உள்ள இடத்தில் செய்யத்தக்க சோதனை இது. அம்மோனியாவின் நைட்ரஜனில் மூன்று பிணைப்புகளும் ஒரு தனித்த இணையும் இருக்கின்றன. எலக்ட்ரான் ஏதுமற்று வரும் ஹைட்ரஜன் அயனிக்கு அந்தத் தனித்த இணையை நைட்ரஜன் கொடுக்கிறது; நான்காவது பிணைப்பு உண்டாகி அம்மோனியம் அயனி பிறக்கிறது. இப்படி இணை முழுவதும் ஒரே அணுவிலிருந்து வருவது ஈதல் சகப்பிணைப்பு. உண்டான பிறகு நான்கு பிணைப்புகளுக்கும் எந்த வேறுபாடும் இல்லை. எது 'ஈந்த' பிணைப்பு என்று எந்தக் கருவியாலும் பிரித்துச் சொல்ல முடியாது. கணக்கும் நேராகவே வரும்: 5 + 4 − 1 = 8, நான்கு பிணைப்புகள், தனித்த இணை இல்லை.

அந்த வெண்புகை அம்மோனியம் குளோரைடு. பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுபவர்கள் தேய்க்கும் நவச்சாரம் அதுவே. அம்மோனியம் அயனிக்குள் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சகப்பிணைப்புகள் இணைக்கின்றன. அந்த அயனியையும் குளோரைடையும் சேர்த்து வைத்திருப்பது அயனி ஈர்ப்பு. ஒரே பொருளில் இரண்டு வகையும் அருகருகே இருக்கலாம் என்பதற்கு இதைவிட எளிய சான்று தேட வேண்டியதில்லை.

நான்காம் படி: வடிவத்தைக் கண்டறிதல்

காகிதத்தில் வரைந்த படம் தட்டையானது; மூலக்கூறு அப்படியில்லை. எலக்ட்ரான் இணைகள் ஒன்றையொன்று விலக்குவதால், மைய அணுவைச் சுற்றி இயன்றவரை தள்ளித் தள்ளி அமைகின்றன. மைய அணுவைச் சூழ்ந்துள்ள எலக்ட்ரான் தொகுப்புகளை எண்ணினால் போதும்; ஒற்றை, இரட்டை, முப்பிணைப்பு எதுவானாலும் ஒரு தொகுப்பு, ஒரு தனித்த இணையும் ஒரு தொகுப்பு. இரண்டு தொகுப்புகள் 180 டிகிரியில் நேர்கோடாகவும், மூன்று 120 டிகிரியில் தள முக்கோணமாகவும், நான்கு 109.5 டிகிரியில் நான்முகியாகவும் அமையும்.

கார்பன் டை ஆக்சைடின் கார்பனைச் சுற்றி இரண்டு தொகுப்புகள் மட்டுமே. ஆகவே அது நேர்கோடு. நீரின் ஆக்சிஜனைச் சுற்றி இரண்டு பிணைப்பு இணைகளும் இரண்டு தனித்த இணைகளுமாக நான்கு தொகுப்புகள். நான்முகியின் இரண்டு மூலைகளில் மட்டும் அணுக்கள் இருப்பதால் மூலக்கூறு வளைந்து தெரிகிறது. தனித்த இணை ஒரே கருவால் பிடிக்கப்பட்டிருப்பதால் சற்றுப் பரந்து நின்று பிணைப்பு இணைகளை நெருக்குகிறது. தனித்த இணை இல்லாத மீத்தேனில் 109.5, ஓர் இணை உள்ள அம்மோனியாவில் சுமார் 107, இரண்டு உள்ள நீரில் 104.5 டிகிரி என்று கோணம் படிப்படியாகச் சுருங்குவதை இதனால் விளக்கலாம். தனித்த இணைகளை வரையாமல் விட்டுவிடுபவர் நீரை நேர்கோடாகத்தான் வரைய முடியும்.

வடிவம் தெரிந்தவுடன் முனைவுத்தன்மையை, அதாவது மூலக்கூறின் ஒரு முனை எதிர்மின்னாகவும் மறுமுனை நேர்மின்னாகவும் இருக்கிறதா என்பதை, சொல்லிவிடலாம். கார்பன் டை ஆக்சைடின் ஒவ்வொரு பிணைப்பிலும் எலக்ட்ரான்கள் ஆக்சிஜன் பக்கம் சாய்ந்திருந்தாலும், இரு சாய்வுகளும் எதிரெதிர்த் திசையில் இருப்பதால் ஒன்றையொன்று சமன்செய்துவிடுகின்றன. நீரில் அவை ஒரே பக்கம் சேர்ந்துவிடுகின்றன. ஆக்சிஜன் முனை சிறிதளவு எதிர்மின்னாகவும் ஹைட்ரஜன் முனைகள் சிறிதளவு நேர்மின்னாகவும் ஆகின்றன. உப்பும் சர்க்கரையும் நீரில் கரைவதற்கும் எண்ணெய் கரையாததற்கும் அடிப்படைக் காரணம் இந்தச் சாய்வுதான்.

பிணைப்பின் வலிமையும் ஆற்றல் கணக்கும்

இரு அணுக்களுக்கு இடையே பிணைப்புகளின் எண்ணிக்கை கூடினால் நீளம் குறையும், வலிமை கூடும். கார்பன் – கார்பன் ஒற்றைப் பிணைப்பின் நீளம் 154, இரட்டை 134, முப்பிணைப்பு 120 பிகோமீட்டர். ஆற்றலோ முறையே ஏறக்குறைய 347, 614, 839 கிலோஜூல். இரட்டைப் பிணைப்பின் வலிமை ஒற்றையின் இருமடங்காக இல்லாததைக் கவனிக்க வேண்டும். இரண்டாவது பிணைப்பு, கருக்களை இணைக்கும் கோட்டுக்கு மேலும் கீழுமாகப் பக்கவாட்டில் உண்டாவதால் முதலாவதைவிடத் தளர்வானது. எத்திலீன் தன் இரண்டாவது பிணைப்பை விட்டுக்கொடுத்துச் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு பாலித்தீன் ஆவது இதனால்தான் எளிதாகிறது.

நைட்ரஜனில் நிலைமை தலைகீழ். அதன் ஒற்றைப் பிணைப்பு சுமார் 160 கிலோஜூல்தான், முப்பிணைப்போ 945. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜனாக இருந்தும் பயிர்கள் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாததற்கு இந்த முப்பிணைப்பே காரணம். தொழிற்சாலைகள் இரும்பு வினையூக்கியுடன் 400 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தையும் நூறு வளிமண்டலத்துக்கும் மேற்பட்ட அழுத்தத்தையும் தந்து அதை அம்மோனியாவாக மாற்றுகின்றன. உளுந்து, நிலக்கடலை ஆகியவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் அதே வேலையை மண்ணின் வெப்பநிலையிலேயே முடித்துவிடுகின்றன.

பிணைப்பு உடையும்போது ஆற்றல் வெளிவருகிறது என்ற தவறான எண்ணம் கல்லூரிவரை தொடர்வதைப் பார்க்கலாம். உடைக்க எப்போதும் ஆற்றல் செலவாகும். உண்டாகும்போதுதான் ஆற்றல் வெளிப்படும். ஹைட்ரஜனும் குளோரினும் சேர்ந்து ஹைட்ரஜன் குளோரைடு ஆவதை எடுத்துக்கொண்டால், உடைக்கச் செலவு 436 + 243 = 679 கிலோஜூல்; உண்டாகும் இரண்டு பிணைப்புகளால் வரவு 2 × 431 = 862; மீதம் 183 கிலோஜூல் வெப்பமாக வெளிவருகிறது. எரிபொருள் எரிவதும் இதே வரவு செலவுதான்: பழைய பிணைப்புகளை உடைக்கும் செலவைவிடப் புதியவை தரும் வரவு அதிகம்.

பொருளின் பண்புகளை ஊகித்தல்

'சகப்பிணைப்புச் சேர்மங்களின் உருகுநிலை குறைவு, அவை மின்சாரத்தைக் கடத்தா' என்ற வாக்கியத்தைத் தேர்வுக்காக எல்லோரும் எழுதுகிறோம். அது பாதி உண்மை. பூஜைத் தட்டில் வைத்த கற்பூரம் கொளுத்தாமலேயே நாள்பட்டால் கரைந்து மறைகிறது. அதன் மணம் அறை முழுவதும் பரவுகிறது. இங்கே ஒரு சகப்பிணைப்புகூட உடையவில்லை. பத்துக் கார்பன், பதினாறு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன் கொண்ட மூலக்கூறுகள் முழுசாகவே கட்டியை விட்டுப் பிரிந்து காற்றில் கலக்கின்றன. மூலக்கூறுக்கும் மூலக்கூறுக்கும் இடையேயான மெல்லிய ஈர்ப்பு மட்டுமே விடுபட்டிருக்கிறது. அதே கற்பூரத்தைக் கொளுத்தும்போதுதான் பிணைப்புகள் உடைந்து கார்பன் டை ஆக்சைடும் நீரும் உண்டாகின்றன. உருகுநிலை குறைவாக இருப்பதால் சகப்பிணைப்பு வலிமையற்றது என்று முடிவுகட்டக் கூடாது. நீர் கொதிக்கும்போதும் நீராவியில் இருப்பது நீர் மூலக்கூறேதான்.

மூலக்கூறு என்று தனியாக எதுவும் இல்லாமல், பொருள் முழுவதும் ஒரே சகப்பிணைப்பு வலையாக இருந்தால் கதை மாறிவிடும். வைரத்தில் ஒவ்வொரு கார்பனும் நான்கு கார்பன்களுடன் பிணைந்திருக்கிறது. அதை அசைக்க உண்மையான பிணைப்புகளையே உடைக்க வேண்டும். கடற்கரை மணலிலுள்ள குவார்ட்ஸ்கூட, சிலிக்கானும் ஆக்சிஜனும் பின்னிய அத்தகைய வலைதான். உருக 1,700 டிகிரி அளவு வெப்பம் வேண்டும். இந்தப் புள்ளிகளை வைக்கப் பயன்படும் பென்சிலின் முனையிலுள்ள கிராஃபைட்டில் ஒவ்வொரு கார்பனும் மூன்றுடன் மட்டுமே பிணைந்து தகடுகளாக அடுக்கப்பட்டிருக்கிறது. தகட்டுக்குள் பிணைப்பு நீளம் 142 பிகோமீட்டர். தகடுகளுக்கு இடையே 335. அதனால் அடுக்குகள் வழுக்கிக் காகிதத்தில் ஒட்டுகின்றன. நான்காவது எலக்ட்ரான் தகடு முழுவதும் உலவுவதால் கிராஃபைட் மின்சாரத்தையும் கடத்துகிறது.

விதி பொருந்தாத இடங்கள்

போரான் ட்ரைஃபுளூரைடில் போரானைச் சுற்றி ஆறு எலக்ட்ரான்களே இருப்பதாக வரைவது வழக்கம். நமது பற்றாக்குறைக் கணக்கு அங்கே நான்கு பிணைப்புகள் என்று சொல்லும், அதை நம்ப வேண்டாம். எட்டு நிறைய இன்னும் இரண்டு எலக்ட்ரான்களுக்கு இடமிருப்பதால்தான் அது அம்மோனியாவின் தனித்த இணையை ஆவலுடன் ஏற்கிறது. சல்பர் ஹெக்சாஃபுளூரைடில் கந்தகத்தைச் சுற்றி ஆறு பிணைப்புகள். நைட்ரிக் ஆக்சைடின் இருப்பு 11. ஒற்றைப்படை எண் என்பதால் எப்படி வரைந்தாலும் ஓர் எலக்ட்ரான் தனியே நிற்கும். இருப்பு ஒற்றைப்படையாக வந்தால் முதலில் கூட்டலைச் சரிபார்க்க வேண்டும். கூட்டல் சரியென்றால் எண்ம விதியை அங்கே விட்டுவிட வேண்டும்.

இவற்றை எல்லாம்விட வியப்பானது நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன். தேவை 16, இருப்பு 12, இரண்டு பிணைப்புகள், தலா இரண்டு தனித்த இணைகள் என்று கணக்கு அழகாக முடிந்துவிடும்; பிணைப்பு நீளமும் ஆற்றலும் இரட்டைப் பிணைப்புக்கு ஏற்றபடியே இருக்கும். ஆனால் திரவ ஆக்சிஜனை வலுவான காந்தத்தின் இரு முனைகளுக்கு இடையே ஊற்றினால் அது கீழே விழாமல் முனைகளுக்கு நடுவே தங்கி நிற்கிறது. எல்லா எலக்ட்ரான்களும் இணைசேர்ந்திருந்தால் இது நடக்காது. ஆக்சிஜனில் இணைசேராத இரண்டு எலக்ட்ரான்கள் இருக்கின்றன. புள்ளிப் படத்தால் இதைக் காட்ட முடியாது. எலக்ட்ரான்களை மூலக்கூறு முழுவதற்கும் உரியவையாகக் கொள்ளும் மூலக்கூறு ஆர்பிட்டால் கொள்கை இதற்கு விடை தருகிறது. பதினொன்றாம் வகுப்பில் அந்தப் பாடம் வரும்போது, முதலில் ஆக்சிஜனுக்கு அதைப் பயன்படுத்திப் பார்ப்பது நல்லது.

பயிற்சி

கீழே உள்ளவற்றை விடையைப் பார்க்காமல் வரைந்து, இறுதியில் எண்ணிக்கையைச் சரிபார்க்கலாம். அசிட்டிலீனில் இரண்டு கார்பன், இரண்டு ஹைட்ரஜன். இருப்பு 10, கார்பன்களுக்கு இடையே முப்பிணைப்பு, தனித்த இணை இல்லை. ஹைட்ரஜன் சயனைடில் இருப்பு 10. பிணைப்புகள் நான்கு, நைட்ரஜனில் ஒரு தனித்த இணை, வடிவம் நேர்கோடு. ஃபார்மால்டிஹைடில் கார்பனுடன் இரண்டு ஹைட்ரஜனும் ஓர் ஆக்சிஜனும். இருப்பு 12, ஆக்சிஜனுடன் இரட்டைப் பிணைப்பு, தள முக்கோணம். ஹைட்ரஜன் பெராக்சைடில் இருப்பு 14. மூன்று ஒற்றைப் பிணைப்புகள், ஒவ்வோர் ஆக்சிஜனிலும் இரண்டு தனித்த இணைகள். பாஸ்பரஸ் ட்ரைகுளோரைடில் இருப்பு 26. பாஸ்பரஸில் ஒரு தனித்த இணை மிஞ்சுவதால் அம்மோனியாவைப்போன்ற பிரமிடு வடிவம். கடைசியாக இரண்டு எதிர்மின் சுமை கொண்ட கார்பனேட் அயனி: இருப்பு 4 + 18 + 2 = 24, பிணைப்புகள் நான்கு. இரட்டைப் பிணைப்பை எந்த ஆக்சிஜனுக்குக் கொடுப்பது என்ற கேள்வி இங்கே மீண்டும் எழும். மூன்று படங்களையும் வரைய வேண்டும்.